ஃபங்ஷனுக்குள் ஒரு ஃபங்ஷன்: பாராநகரிலிருந்து கிண்டி வரை

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் கொல்கத்தா வந்தால் நாம் கூட்டிக்கொண்டு போகும் இடங்கள் தெரிந்தவைதான். காளிகாட், விக்டோரியா மெமோரியல், பேலூர் மடம், தட்சிணேஸ்வரம். தட்சிணேஸ்வரத்துக்கு பி.டி. ரோடு வழியாகப் போனால் பாராநகரில் ஒரு பெரிய வளாகம் வரும். இந்தியப் புள்ளியியல் கழகம். சுருக்கமாக ஐ.எஸ்.ஐ. மகலனோபிஸ் 1931-ல் தொடங்கியது. அங்கே யாரும் வண்டியை நிறுத்திப் பார்ப்பதில்லை. ஆனால் இந்தியாவுக்கு முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது அந்த நிறுவனத்துக்குத்தான்.

பி.காம். படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு கம்ப்யூட்டர் சரித்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். வெளியூரில் வாழும் நம் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவராவது சாஃப்ட்வேரில் இருக்கிறார். இல்லையென்றால் பிள்ளை கோடிங் வகுப்புக்குப் போகிறது. அவர்கள் பேசுவது நமக்குப் புரியாத பாஷையாகவே இருந்துவிடுகிறது. அதில் அடிக்கடி அடிபடும் ஒரு விஷயம் 'ஹையர் ஆர்டர் ஃபங்ஷன்'. தமிழில் உயர்வரிசைச் சார்பு என்று சொல்லலாம். இதன் சரித்திரத்தைத் தேடிப் போனால் அது கேம்பிரிட்ஜ், பிரின்ஸ்டன் என்று சுற்றி, கான்பூரைத் தொட்டு, கடைசியில் நம் சென்னை கிண்டியில் வந்து நிற்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

எல்லாமே எண்தான்

ஐ.எஸ்.ஐ.க்கு 1955-56-ல் வந்த அந்த இயந்திரத்தின் பெயர் எச்.இ.சி.-2எம். பிரிட்டிஷ் டாபுலேட்டிங் மெஷின் கம்பெனி செய்தது. வால்வுகளால் ஆனது. நினைவகம் ஒரு சுழலும் காந்த உருளை, அதில் 1024 சொற்களுக்கு இடம். இன்று கைக்கடிகாரத்தில் இருப்பதே இதைவிடப் பல ஆயிரம் மடங்கு.

அந்தக் காலத்து இயந்திரத்துக்கு எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. விளைச்சல் கணக்கும் எண். ஏக்கரும் எண். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்கிற கட்டளையும் எண்தான். நீங்கள் ஏக்கரையும் கட்டளையையும் கூட்டச் சொன்னால் மறுபேச்சு பேசாமல் கூட்டித் தரும். விடை குப்பை என்று கண்டுபிடிக்க வேண்டியது மனிதர்.

பேங்க் பாஷையில் சொன்னால், கவுன்டரில் நீட்டும் எந்தத் தாளையும் வாங்கிக்கொள்ளும் காசாளர் மாதிரி. செக்கா, சலானா, கரண்ட் பில்லா என்று பார்ப்பதில்லை. தாளில் ஓர் எண் இருந்தால் போதும், பணம் கொடுத்துவிடுவார்!

இந்தக் குழப்பத்தைத் தடுக்கும் அடையாளச் சீட்டுக்குத்தான் 'டைப்' என்று பெயர். இது ரூபாய், இது நாள், இது பெயர் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி வைப்பது. 1957-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் இதற்கு ஒரு வேடிக்கையான வழி வைத்திருந்தார்கள். பெயரின் முதல் எழுத்து ஐ முதல் என் வரையுள்ள ஆங்கில எழுத்துகளில் ஒன்றாக இருந்தால் அது முழு எண். மற்றவை தசம எண். அவ்வளவுதான் சீட்டு.

ஃபங்ஷன் என்றால்?

கல்யாண ஃபங்ஷன் இல்லை :-) ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றைத் திருப்பித் தரும் ஒரு விதி. அசலையும் நாளையும் கொடுத்தால் வட்டியைத் தரும் விதி ஒரு ஃபங்ஷன்.

சரி, ஹையர் ஆர்டர்? நமக்கெல்லாம் தெரிந்த சேவிங்ஸ் வட்டியையே எடுத்துக்கொள்வோம். 2010 மார்ச் வரை சேவிங்ஸ் கணக்கில் ஒரு மாதத்தின் 10-ம் தேதியிலிருந்து கடைசி தேதி வரை எது மிகக் குறைந்த இருப்போ, அதற்குத்தான் வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி. அப்போது வட்டி விகிதம் 3.5 சதவீதம்.

30 நாள் உள்ள ஒரு மாதம். கணக்கில் 10,000 ரூபாய் இருக்கிறது. 25-ம் தேதி ஊருக்குப் பணம் அனுப்ப 9,000 எடுக்கிறீர்கள். பழைய விதிப்படி குறைந்த இருப்பு 1,000. அந்த மாத வட்டி 2 ரூபாய் 92 காசு. புது விதிப்படி 24 நாளுக்கு 10,000, 6 நாளுக்கு 1,000. வட்டி 23 ரூபாய் 59 காசு. மாதக் கடைசியில் ஊருக்குப் பணம் அனுப்புகிற நம்மைப் போன்றவர்களுக்கு எட்டு மடங்கு வித்தியாசம்.

இதில் மாறியது எது, மாறாதது எது? 'ஒவ்வொரு கணக்காக எடு, வட்டியைக் கணக்கிடு, வரவு வை, மொத்தம் கூட்டு' என்கிற பெரிய வேலை அப்படியே இருக்கிறது. நடுவில் இருக்கும் 'வட்டியைக் கணக்கிடு' என்ற சின்ன விதி மட்டுமே மாறியது. பெரிய வேலையை எழுதும்போதே 'விதியை நீ வெளியிலிருந்து கொடு, நான் போட்டுக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தால்? ஏப்ரல் 1-ம் தேதி புது விதியை மட்டும் கையில் கொடுத்தால் போதும். எண்ணை வாங்குவதுபோல ஒரு விதியையே வாங்கிக்கொள்ளும் அந்தப் பெரிய வேலைதான் ஹையர் ஆர்டர் ஃபங்ஷன். விதியைத் திருப்பித் தருவதும் இந்த ரகம்தான்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ரூபாயைத் தரும் விதிக்குப் பதிலாகத் தவறுதலாக சதவீதத்தைத் தரும் விதியைக் கொடுத்துவிட்டால்? எல்லாருக்கும் 3 ரூபாய் 50 காசு வரவாகும். எண்ணைத் தவறாகக் கொடுத்தால் ஒரு கணக்கு கெடும். விதியைத் தவறாகக் கொடுத்தால் லட்சம் கணக்கு கெடும். ஆகவே விதிக்கும் ஒரு சீட்டு வேண்டும்: 'இது தினசரி இருப்புகளை வாங்கும், ரூபாயைத் தரும்.'

அந்தச் சீட்டை எப்போது சரிபார்ப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. வேலை நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. வாடிக்கையாளர் கவுன்டரில் நிற்கும்போது காசாளர் தப்பைக் கண்டுபிடிப்பது மாதிரி. வேலை தொடங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. வவுச்சரை பாஸிங் ஆபீசர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே காசாளரிடம் போவது மாதிரி. இரண்டாவதற்கு 'ஸ்டாடிக் டைப்பிங்' என்று பெயர்.

கம்ப்யூட்டருக்கு முன்பே பிறந்த யோசனை

இந்த இரண்டு யோசனையும் கம்ப்யூட்டர்காரர்களுடையது இல்லை. கணித தர்க்கத்திலிருந்து வந்தவை. கேம்பிரிட்ஜில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1901-ல் ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடித்தார். 'தன்னைத்தானே உறுப்பினராகக் கொள்ளாத தொகுதிகள்' எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகுதி வைத்தால், அது தனக்கே உறுப்பினரா இல்லையா? ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம். கணிதத்தின் அஸ்திவாரமே ஆடியது. 1908-ல் அவர் சொன்ன பரிகாரம்தான் டைப். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிநிலை உண்டு, ஒரு படியில் இருப்பது தனக்குக் கீழ்ப்படியில் இருப்பதைப் பற்றி மட்டுமே பேசலாம் என்றார்.

1930-களில் பிரின்ஸ்டனில் அலோன்ஸோ சர்ச் வேறு பக்கமிருந்து வந்தார். எண் கூட வேண்டாம், ஃபங்ஷனை மட்டும் வைத்துக்கொண்டே எல்லாக் கணக்கையும் எழுதலாம் என்று காட்டினார். அதுதான் லாம்டா கால்குலஸ். அதில் ஃபங்ஷன் ஃபங்ஷனை வாங்கும், ஃபங்ஷனைத் தரும், தன்னையே கூட வாங்கிக்கொள்ளும். அதைத் தர்க்கத்துக்கு அஸ்திவாரமாக வைத்தபோது மறுபடி முரண்பாடு. 1940-ல் சர்ச், ரஸ்ஸலின் மருந்தையே எடுத்துத் தன் ஃபங்ஷன்களுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு ஃபங்ஷன் மேலும் 'எதிலிருந்து எதற்கு' என்று சீட்டு. சீட்டு பொருந்தினால்தான் கொடுக்கல் வாங்கல்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்த இரண்டும் தனித்தனியே போய்விட்டன. 1958-ல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியில் ஃபங்ஷனைத் தாராளமாகக் கைமாற்றலாம். ஆனால் முன்கூட்டி சீட்டு பார்ப்பதில்லை. ஃபோர்ட்ரான் வகை மொழிகளில் சீட்டு உண்டு. ஆனால் ஃபங்ஷனைச் சரக்குபோலக் கையாளும் சுதந்திரம் குறைவு. 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னர் எம்.எல். என்ற மொழியில் இரண்டையும் சேர்த்துவைத்தார். 1978-ல் அவர் எழுதிய கட்டுரை ஒரு பெரிய தொல்லையைத் தீர்த்தது. சீட்டை மனிதர் எழுத வேண்டாம், நிரலைப் படித்து இயந்திரமே ஊகித்து எழுதிக்கொள்ளும்! பொருந்தாவிட்டால் ஓட்டுவதற்கு முன்பே நிறுத்திவிடும். மில்னருக்கு 1991-ல் டூரிங் விருது கிடைத்தது.

கான்பூரிலிருந்து கிளம்பியவர்கள்

இனி நம்மவர்கள் கதை. ஐ.ஐ.டி. கான்பூருக்கு 1963-ல் ஓர் ஐ.பி.எம். 1620 வந்தது. அங்கே படித்து 1969-ல் வெளியே வந்தவர் அரவிந்த். (முதலெழுத்து, கடைசிப் பெயர் எதுவும் இல்லாமல் 'அரவிந்த்' என்று மட்டுமே எழுதுவார். நம்மூர் ஆட்கள் வெளிநாட்டு ஃபாரத்தில் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.) மினசோட்டாவில் ஆராய்ச்சிப் பட்டம், கலிஃபோர்னியாவின் இர்வைனில் வேலை, பிறகு எம்.ஐ.டி.

அவர் கவலை வேறு. பல கணிப்பான்களை ஒரே நேரத்தில் வேலை வாங்குவது எப்படி? கல்யாணச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பு வெந்து, காய் நறுக்கி வந்துவிட்டால் சாம்பார் வேலை தானே தொடங்கும். பாயசத்துக்காக அது காத்திருக்காது. யாரும் மணி பார்த்து வரிசை சொல்ல வேண்டாம். தேவையானவை வந்து சேர்ந்ததும் வேலை தொடங்கு என்பதுதான் 'டேட்டாஃப்ளோ' வழி. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒருவர் வைத்த பாத்திரத்தை இன்னொருவர் நடுவில் மாற்றக் கூடாது. வாங்கியதை மாற்றாமல் புதிதாக ஒன்றைத் தரும் ஃபங்ஷன்களால் ஆன மொழிதான் அதற்குத் தோது. இர்வைனில் உருவாக்கிய மொழிக்கு 'இட்' என்று பெயர். இர்வைன் டேட்டாஃப்ளோ என்பதன் சுருக்கம்.

எம்.ஐ.டி.யில் அவருடன் சேர்ந்தவர் ரிஷியூர் நிகில், அவரும் கான்பூரில் படித்தவர். அங்கே இட் மொழி ஹையர் ஆர்டர் ஃபங்ஷனும், மில்னர் பாணி டைப்பும் சேர்ந்த முழு வடிவம் பெற்றது. அதை ஓட்ட மோட்டரோலாவுடன் சேர்ந்து கட்டிய இயந்திரத்தின் பெயர் என்ன தெரியுமா? மான்சூன்! அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்தில் ஒரு பருவமழை.

1987-ல் இந்த வகை மொழிகளில் ஆராய்ச்சி செய்தவர்கள், ஆளுக்கொரு மொழி வேண்டாம், பொதுவாக ஒன்று செய்வோம் என்று கூடினார்கள். ஹாஸ்கல் பிறந்தது. ஹாஸ்கல் கரி என்ற தர்க்க அறிஞரின் முதற்பெயர் அது. 1990 ஏப்ரல் 1-ம் தேதியிட்ட முதல் அறிக்கையின் ஆசிரியர் பட்டியலில் அரவிந்த், ரிஷியூர் நிகில் இருவர் பெயரும் இருக்கின்றன.

மான்சூன் கடைக்கு வரவில்லை. சாதாரண மைக்ரோபிராசசர்கள் மலிவாகவும் வேகமாகவும் வளர்ந்து டேட்டாஃப்ளோ இயந்திரங்களை ஓரங்கட்டிவிட்டன. இருபது வருட உழைப்பு வீண் என்றுதான் அப்போது பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள்.

சிலிக்கானில் ஒரு விதி

மொழி மிஞ்சியது. 2000-ல் அரவிந்த் சான்ட்பர்ஸ்ட் என்ற சிப் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே ஹாஸ்கல் உலகத்தைச் சேர்ந்த லென்னார்ட் அகஸ்ட்சன், சிப் வடிவமைக்கவே ஹாஸ்கல் ஜாடையில் ஒரு மொழி செய்தார். பெயர் ப்ளூஸ்பெக். 2003-ல் அந்தப் பெயரிலேயே தனி நிறுவனம் வந்தது. நிகிலும் அதில் இருந்தார்.

சிப்புக்கு எதற்கு இந்த மொழி? ஓர் எடுத்துக்காட்டு. 32 எண்களைக் கூட்டும் சுற்று வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டினால் 31 கட்டம் காத்திருக்க வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்து மரம்போல மேலே கொண்டுபோனால் அதே 31 கூட்டிகள்தான், ஆனால் 5 கட்டத்தில் முடியும். ப்ளூஸ்பெக்கில் அந்த 'மர வடிவத்தை' ஒரு ஃபங்ஷனாக எழுதிவிடலாம். அதனிடம் 'கூட்டு' என்ற விதியைக் கொடுத்தால் கூட்டும் மரம். 'இரண்டில் பெரியது எது' என்ற விதியைக் கொடுத்தால் 32-ல் பெரியதைத் தேடும் மரம். சிப்புக்குள் ஃபங்ஷனை வாங்கும் ஃபங்ஷன் எதுவும் இருக்காது. கம்பைலரே அதை விரித்துக் கம்பிகளாகவும் கதவுகளாகவும் மாற்றிவிடும். கல்யாணம் முடிந்ததும் பந்தல்காரர் போய்விடுவதுபோல.

டைப்பும் இங்கே கறாரானது. எத்தனை பிட் என்பதே சீட்டில் எழுதியிருக்கும். சிப் வடிவமைப்பில் பலகாலம் புழங்கும் வெரிலாக் மொழியில் 16 பிட் எண்ணை 8 பிட் இடத்தில் வைத்தால், மேல் பாதியை வெட்டிவிட்டு வேலையைத் தொடரும். 300 என்று போட்டால் 44 என்று நிற்கும். முன்னூறு ரூபாய் கட்டியவர் பாஸ்புக்கில் நாற்பத்திநாலு! ப்ளூஸ்பெக் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். வெட்ட வேண்டுமானால் வெட்டு என்று நீங்களே எழுத வேண்டும்.

சாஃப்ட்வேரில் தப்பு வந்தால் இரவோடிரவாகத் திருத்தி அனுப்பலாம். சிலிக்கானில் பொறித்த பிறகு முடியாது. 1994-ல் இன்டெல்லின் பென்டியம் சிப்பில் வகுத்தலுக்கான அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டுப்போக, திரும்ப வாங்கி மாற்றிக்கொடுக்க அந்த நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அட்டவணையில் இருந்த அந்தத் தப்பை டைப் பிடித்திருக்காது, அதையும் சொல்ல வேண்டும். டைப் சீட்டைத்தான் பார்க்கும், சீட்டுக்குள் எழுதிய தொகை நியாயமா என்று பார்க்காது. கையெழுத்து சரியாக இருக்கும் செக்கிலும் தவறான தொகை இருக்கலாமே. ஆனால் சீட்டுத் தவறுகளை இயந்திரம் பார்த்துக்கொண்டால் மனிதர் மற்றதைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

கிண்டிக்கு வந்த கதை

2014-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் வீ. காமகோடி குழுவினர் 'சக்தி' என்ற பிராசசர் திட்டத்தைத் தொடங்கினார்கள். பெர்க்லியில் 2010-ல் தொடங்கிய, யாரும் உரிமத்தொகை இல்லாமல் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பை எடுத்துக்கொண்டார்கள். எழுதிய மொழி ப்ளூஸ்பெக். ஒரு வடிவமைப்பிலிருந்து சின்னதும் பெரிதுமாகப் பல பிராசசர் செய்ய வேண்டும் என்பது திட்டம். ஒரே எலும்புக்கூட்டில் வேண்டிய விதியையும் அளவையும் கொடுத்து மாற்றிக்கொள்ளும் மொழி அதற்குப் பொருத்தம்.

2018-ல் முதல் சிப்புகள் வந்தன. ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில், லினக்ஸ் ஓடியது. மற்றொன்று சண்டிகர் அருகே உள்ள அரசு ஆலையான எஸ்.சி.எல்.லில் 180 நானோமீட்டரில். 2020-ல் மௌஷிக் வந்தது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து செய்த விண்வெளிக்கான ஐரிஸ் என்ற சக்தி சிப் அதே எஸ்.சி.எல்.லில் தயாராகி இயங்கியதாக அறிவித்தார்கள். சக்தியின் வடிவமைப்பு யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. ப்ளூஸ்பெக் கம்பைலரையும் 2020-ல் திறந்துவிட்டார்கள். காமகோடி 2022-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸின் இயக்குநரானார். அரவிந்த் 2024 ஜூனில் காலமானார்.

'வெளிநாடு போன அறிவு போனதுதான்' என்று ஊரில் பேசுவதை நாம் எல்லாருமே கேட்டிருக்கிறோம். டெல்லியோ கொல்கத்தாவோ போனாலே அந்தப் பேச்சு உண்டு. கான்பூரிலிருந்து போனவர்கள் திரும்பி வரவில்லைதான். ஆனால் அவர்கள் கை பட்ட மொழி, வழியில் ஒரு தோல்வியையும் தாண்டி, கிண்டி வரை வந்து சேர்ந்தது. ஆராய்ச்சியை அச்சில் போட்டு, நிரலைத் திறந்து, தெரியாதவருக்கும் எட்டும்படி வைத்ததால் நடந்தது இது. ஊருக்கு நாம் திருப்பிச் செய்வது மணியார்டர் மட்டுமாக இருக்க வேண்டியதில்லை.

வீட்டில் கேட்க ஒரு கேள்வி

இன்று இந்த யோசனை ஆராய்ச்சிக்கூடத்தோடு நிற்கவில்லை. மைக்ரோசாஃப்டின் சி-ஷார்ப் மொழிக்கு 2007-ல், ஜாவாவுக்கு 2014 மார்ச்சில் 'லாம்டா' வந்தது. சர்ச் வைத்த அதே கிரேக்க எழுத்தின் பெயர்! பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பைத்தானிலும் 2015 முதல் விரும்பினால் டைப் சீட்டு எழுதலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை திரையில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த ஃபங்ஷன் எதை வாங்கும், எதைத் தரும்?" என்று மட்டும் கேளுங்கள். பி.காம். போதும், பி.ஏ. தமிழும் போதும். பிள்ளை டக்கென்று பதில் சொன்னால் சந்தோஷம். கொஞ்சம் யோசித்து, திரையைப் பார்த்து, "இருங்கப்பா, இதுல ஒண்ணு தப்பா இருக்கு" என்று சொன்னால் இன்னும் சந்தோஷம்.